சின்ன கேரவன் வாங்கியாச்சு, இழுக்க எந்த வண்டி? பெங்களூர்க்காரர்களுக்கு ஓர் ஒப்பீடு

"தார்ல 300 நியூட்டன் மீட்டர் டார்க் இருக்கே, 600 கிலோ கேரவனை இழுக்காதா?" "கிரெட்டா டீசல் வீட்டில் இருக்கிறது, அதுக்கே ஒரு கொக்கி மாட்டிக்கலாமா?" "பிக்கப் வாங்கினால் அப்பார்ட்மென்ட் பார்க்கிங்கில் நிற்குமா?" ஆறு ஏழு மாதமாக வாசகர்களிடமிருந்து வரும் கேள்விகள் இவை. எழுதுகிறவர்கள் பெரும்பாலும் கே.ஆர்.புரம், ஒயிட்ஃபீல்டு, எலெக்ட்ரானிக் சிட்டி பக்கம் குடியிருக்கும் தமிழ்க் குடும்பங்கள். ஒன்று கேரவனை, அதாவது காருக்குப் பின்னால் மாட்டி இழுக்கும் படுக்கை வசதியுள்ள டிரெய்லரை, ஏற்கெனவே வாங்கிவிட்டார்கள், இல்லையென்றால் அட்வான்ஸ் கொடுத்துவிட்டு வண்டி தேடுகிறார்கள்.

கேட்பவர்கள் எல்லாரும் இழுக்கும் சக்தியைப் பற்றியே கேட்கிறார்கள். இன்றைய டீசல் வண்டி எதுவும் ஒரு டன்னை இழுத்துவிடும். என் கவலை இறக்கத்தில்தான். பெங்களூர் கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேலே இருக்கிறது, சேலம் 300-க்கும் கீழே. நாம் ஊருக்குப் போகும் பாதை ஏறக்குறைய எல்லாமே இறக்கம். வெள்ளிக்கிழமை ராத்திரி, பின் சீட்டில் பிள்ளைகள் தூங்க, தண்ணீர் டேங்க் நிரம்பியிருக்க, தொப்பூர் கணவாயில் இறங்குகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இறக்கத்தில் வண்டி மாட்டைத் தள்ளும் என்று ஊரில் சொல்வார்களே, அதே கதைதான். அந்த நிமிடத்தை மனதில் வைத்துத்தான் வண்டியைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

முதலில் கேரவனை எடை போடுங்கள்

விற்பவர் சொல்லும் எடை காலி எடை. 600 கிலோ என்று சொன்னால் அதோடு இதையெல்லாம் கூட்டிப் பாருங்கள்: தண்ணீர் 60 லிட்டர், அதாவது 60 கிலோ. வீட்டு இன்வெர்ட்டருக்குப் போடும் டியூபுலர் பேட்டரி ஒன்று 50 கிலோவை ஒட்டி வரும். 14.2 கிலோ கேஸ் நிரம்பிய சிலிண்டர் இரும்போடு சேர்த்து 30 கிலோ. அடுப்பும் பாத்திரமும் 25, படுக்கையும் துணிமணியும் 50, மடக்கு நாற்காலி, பந்தல் துணி, கம்பி எல்லாம் 35. மொத்தம் 850 கிலோ. இந்தக் கட்டுரை முழுவதும் இந்த 850 கிலோவை வைத்துத்தான் பேசுகிறேன்.

ஓசூர் ரோட்டில் எடை மேடைக்குப் பஞ்சமில்லை. நூறு, இருநூறு ரூபாய் செலவைப் பார்க்காமல் பயணத்துக்குக் கிளம்பும் நாளன்றே சாமான் ஏற்றிய கேரவனைத் தனியாக நிறுத்தி எடை போடுங்கள். அப்புறம் முன்கொக்கி கீழே அழுத்தும் எடையையும் பாருங்கள். இது முழு எடையில் 10 சதவீதத்தை ஒட்டி இருக்க வேண்டும். நம் கணக்குக்கு 85 கிலோ. 50, 60-க்குக் கீழே போனால் கேரவன் வேகத்தில் ஆட ஆரம்பிக்கும். சிலிண்டரையும் பேட்டரியையும் அச்சுக்குப் பின்னால் வைத்துக் கட்டினால் இதுதான் நடக்கும்.

எதை வைத்து ஒப்பிடுகிறேன்

வீல்பேஸ், அதாவது முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் உள்ள தூரம், என் பட்டியலில் முதலில் வரும். நீளமாக இருந்தால் பின்னால் ஆடுவது முன்னால் அவ்வளவாகத் தெரியாது. அடுத்தது தனி சேசிஸ், அதாவது உடம்புக்கு அடியில் தனியாக இருக்கும் இரும்புச் சட்டம். கொக்கியைத் தாங்கும் இரும்புச் சட்டத்தை நட்டு போல்ட்டில் பிணைக்க நல்ல இடம் வேண்டும், தகட்டு உடம்பில் அது கிடைப்பது கஷ்டம். மூன்றாவது, இறக்கத்தில் கியரிலேயே வேகத்தைப் பிடித்துவைக்கும் டீசல் எஞ்சின். நான்காவதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்: வண்டி தாங்கும் மொத்தச் சுமை. கொக்கியில் விழும் 85 கிலோவும் அந்தச் சுமையில்தான் சேரும். அதுவும் பின் அச்சுக்கு ஒரு மீட்டருக்கு மேல் பின்னால் விழுகிறது. 2,750 மில்லிமீட்டர் வீல்பேஸ் உள்ள வண்டியில் பின் அச்சிலிருந்து 1.2 மீட்டர் தள்ளி 85 கிலோ வைத்தால் முன் சக்கரங்களிலிருந்து 37 கிலோ கழிகிறது, பின் அச்சில் 122 கிலோ ஏறுகிறது. முன்பக்கம் தூக்கிக்கொள்வதால் உங்கள் வெளிச்சம் எதிரே வருகிறவர் கண்ணில் விழும். ராத்திரியில் அவர் ஹெட்லைட்டை அடித்து அடித்துக் காட்டினால் காரணம் இதுதான்.

கடைசியாக, நிறுத்த இடமும் காகிதமும்.

| வண்டி | வீல்பேஸ் (மி.மீ.) | எஞ்சின் | முறுக்குவிசை, அதாவது டார்க் (நியூட்டன் மீட்டர்) |
|---|---|---|---|
| ஜிம்னி | 2,590 | 1.5 பெட்ரோல் | 134 |
| தார் மூன்று கதவு | 2,450 | 2.2 டீசல் | 300 |
| தார் ராக்ஸ் | 2,850 | 2.2 டீசல் | 330 – 370 |
| இன்னோவா கிரிஸ்டா | 2,750 | 2.4 டீசல் | 343 |
| ஸ்கார்பியோ-என் | 2,750 | 2.2 டீசல் | 300 – 400 |
| இசுசு வி-கிராஸ் | 3,095 | 1.9 டீசல் | 360 |
| ஹைலக்ஸ் | 3,085 | 2.8 டீசல் | 420 / 500 |
| ஃபார்ச்சூனர் | 2,745 | 2.8 டீசல் | 420 / 500 |

இந்த எட்டுக்கும் தனி சேசிஸ் உண்டு. ஆஸ்திரேலியாவில் விற்பனையாகும் மாடல்களுக்கு அங்கே இழுவை அளவு வெளியிடுகிறார்கள். பிரேக் உள்ள டிரெய்லருக்கு ஹைலக்ஸ் 3,500 கிலோ, ஃபார்ச்சூனர் 3,100, ஸ்கார்பியோ 2,500, ஜிம்னி 1,300. இதைப் பார்த்துவிட்டு இங்கே அனுமதி கிடைத்துவிட்டதாக நினைக்க வேண்டாம். அங்கே கொக்கியும் வயரிங்கும் அந்த அளவுக்கென்றே வருகின்றன. எந்த வண்டி எவ்வளவு தெம்பானது என்று ஒன்றோடொன்று பார்க்க மட்டும் இந்த எண்கள் உதவும். உங்கள் வண்டியின் கையேட்டில் டிரெய்லர் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்பதுதான் இங்கே செல்லும். சில கையேடுகள் டிரெய்லர் இழுக்கவே வேண்டாம் என்று நேரடியாகச் சொல்கின்றன.

வீட்டில் இருக்கும் கிரெட்டா, செல்டோஸ் வகை

வேண்டாம். முன் சக்கரத்தில் ஓடும் கார்கள் இவை. கொக்கியின் எடை முன் சக்கரத்தின் மேல் உள்ள பாரத்தைக் குறைத்துவிடும். மழை பெய்த ஏற்றத்தில் நின்று கிளம்பினால் சக்கரம் வழுக்கிச் சுற்றும். டிக்கியின் அடித்தகட்டில் கொக்கியைப் பிடித்துக் கொடுக்கும் கடைகள் இருக்கின்றன. முன் பம்பரில் மரை போட்டுத் திருகும் அந்த வளையத்தைக் காட்டி "கம்பெனியே கொக்கி கொடுத்திருக்கே" என்பவர்களும் உண்டு. அது ரிப்பேராகி நின்ற காரை மெதுவாக இழுத்துப் போவதற்கு.

சாமான் மட்டும் ஏற்றும் 300 கிலோ பெட்டி டிரெய்லர் என்றால், கையேடு தடுக்காத பட்சத்தில், சமதரையில் யோசிக்கலாம். படுத்துத் தூங்கும் கேரவனுக்கு இல்லை.

ஜிம்னியும் தாரும்

கேரவன் வாங்குகிறவர்களில் பாதிப்பேர் வீட்டில் இவற்றில் ஒன்று நிற்கிறது. காட்டுப் பாதைக்கு ஏற்ற வண்டி என்றால் கேரவனுக்கும் ஏற்றது என்று தோன்றுவது இயல்புதான்.

ஜிம்னிக்கு 1,300 கிலோ அளவைப் பார்த்தால் 850 சுலபம் போலத் தெரியும். சுமையைக் கூட்டிப் பாருங்கள். ஐந்து கதவு ஜிம்னி தாங்கும் சுமை சுமார் 335 கிலோ. இரண்டு பெரியவர், இரண்டு பிள்ளைகள், பைகள் எல்லாம் 260 என்று வைத்தால் கொக்கியின் 85 சேர்ந்து 345. அளவை ஏற்கெனவே தாண்டிவிட்டது. போதாததற்கு டர்போ இல்லாத 1.5 பெட்ரோல், மலை ஏற ஏற மூச்சு வாங்கும். இரண்டு பேர் மட்டும், கண்ணீர்த்துளி வடிவில் தாழ்வாக இருக்கும் 400, 500 கிலோ கேரவன், அதிலும் பிரேக் உண்டு என்றால் ஜிம்னி சரி.

மூன்று கதவுத் தாருக்கு எஞ்சின் தாராளம். அதன் சிக்கல் 2,450 வீல்பேஸ். லாரி ஒன்று பக்கத்தில் விர்ரென்று தாண்டும்போது கேரவன் ஓர் அடி ஆடினால் அந்த ஆட்டம் ஸ்டீயரிங் வரை வரும். நான்கு சக்கரமும் சேர்ந்து ஓடுவது இதற்கு மருந்து இல்லை. ராக்ஸ் வேறு வண்டி என்றே வைத்துக்கொள்ளலாம். 2,850 வீல்பேஸோடு அது ஸ்கார்பியோவுக்குப் பக்கத்தில் வந்துவிடுகிறது.

இன்னோவா கிரிஸ்டா

ஏற்கெனவே வீட்டில் இருந்தால் புது வண்டி வாங்குவதற்கு முன் இதை ஒருமுறை யோசியுங்கள். தனி சேசிஸ், பின் சக்கரத்தில் ஓட்டம், 343 நியூட்டன் மீட்டர் டீசல். அப்பா அம்மா ஏறி இறங்க இந்தப் பட்டியலில் இதைவிடச் சுலபமான வண்டி கிடையாது. முழங்கால் வலி உள்ளவர்கள் ஹைலக்ஸில் ஏறுவதை ஒருமுறை பார்த்தால் நான் சொல்வது புரியும்.

குறை என்றால் ஐந்து கியர் மேனுவல். சில்க் போர்டில் கேரவனோடு முக்கால் மணி நேரம் ஊர்ந்தால் கிளட்ச் தேய்வது நிச்சயம். ஏழு பேரை ஏற்றிக்கொண்டு கேரவனையும் மாட்டுவது நடக்காது, ஐந்து பேரோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஒரு எச்சரிக்கை: ஹைகிராஸ் பெயரில்தான் இன்னோவா. முன் சக்கரத்தில் ஓடும், தனி சேசிஸ் இல்லாத வண்டி அது. கிரெட்டாவுக்குச் சொன்னதுதான் அதற்கும்.

ஸ்கார்பியோ-என்

கேரவனுக்காகவே வண்டி வாங்குகிறீர்கள், வார நாளில் அதே வண்டியில் ஆபீஸுக்கும் பள்ளிக்கும் போக வேண்டும் என்றால் என் ஓட்டு இதற்கு. டீசலில் கீழ்நிலை மாடலுக்கு 300 நியூட்டன் மீட்டர், மேல்நிலை மேனுவலுக்கு 370, ஆட்டோமேட்டிக்குக்கு 400. ஆட்டோமேட்டிக்கையே எடுங்கள். டார்க் கன்வெர்ட்டர் உள்ள ஆறு கியர் பெட்டி அது, ஊர்ந்து போகும் நெரிசலில் கேரவனோடு கிளம்பி நிற்பதைக் கிளட்ச்சைவிடப் பொறுமையாகத் தாங்கும். இறக்கத்தில் மட்டும் அதை அதன் போக்கில் விடாதீர்கள். கணவாய் தொடங்கும் முன்பே மேனுவலுக்கு மாற்றி மூன்றாவதிலோ இரண்டாவதிலோ வைத்து இறங்குங்கள்.

4.66 மீட்டர் நீளம் என்பதால் பெரும்பாலான அப்பார்ட்மென்ட் பார்க்கிங்கில் நிற்கும். நான்கு சக்கர ஓட்டம் அவசியமா என்று கேட்டால், தார் ரோட்டில் போய் முகாம் மைதானத்தில் நிறுத்துகிறவர்களுக்கு இல்லை. ஈரப் புல்வெளியில் இருந்து கேரவனை வெளியே இழுக்க வேண்டியவர்களுக்கு அந்தக் கூடுதல் பணம் வீணாகாது.

மூன்றாவது வரிசை சீட்டைச் சிலர் பெரிதாக நினைத்து வாங்குகிறார்கள். அதை நிமிர்த்தினால் டிக்கி கிட்டத்தட்ட காணாமல் போகும், கேரவன் பயணத்தில் மடித்தே வைக்க வேண்டியிருக்கும்.

வி-கிராஸ், ஹைலக்ஸ்

இழுப்பதை மட்டும் பார்த்தால் இந்த இரண்டு பிக்கப்புகளுக்குத்தான் முதலிடம். மூன்று மீட்டரைத் தாண்டிய வீல்பேஸ், கனமான சேசிஸ். வி-கிராஸின் அதே 1.9 டீசலோடு முந்தைய தலைமுறை டி-மேக்ஸ் பிரிட்டனில் 3,500 கிலோ அளவோடு விற்பனையானது. கேரவனில் வைக்கும் சிலிண்டர், பேட்டரி, தண்ணீர் கேன் எல்லாவற்றையும் பின் தொட்டிக்கு மாற்றிவிடலாம். அப்போது கேரவன் 700 கிலோவுக்கு இறங்கிவிடும். இந்த ஒரு வசதி வேறு எந்த வண்டியிலும் கிடையாது.

ஆனால் 5.3 மீட்டர் நீளம். தூண்களுக்கு நடுவே ஐந்து மீட்டர் அளவில் கோடு போட்ட பேஸ்மென்ட் பார்க்கிங்கில் மூக்கோ வாலோ வெளியே நிற்கும். பக்கத்து வீட்டுக்காரர் இரண்டு வாரம் பொறுத்துக்கொள்வார், அதற்கப்புறம் அசோசியேஷன் வாட்ஸ்அப் குழுவில் படம் வரும். கமர்ஷியல் ஸ்ட்ரீட் பக்கம் போவதை மறந்துவிடலாம். பின் சீட்டில் முதுகு நிமிர்ந்தே உட்கார வேண்டும், ஆறு மணி நேரப் பயணத்தில் பெரியவர்கள் முகத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடும். இரண்டில் எது என்றால், கிலோமீட்டர் கணக்கில் அதிகம் ஓடுகிறவர்கள் சர்வீஸ் மையங்களின் பரவலுக்காக டொயோட்டாவின் ஹைலக்ஸுக்குப் போகலாம். மற்றவர்களுக்கு வி-கிராஸ் போதும், 850 கிலோவுக்கு 360 நியூட்டன் மீட்டர் தாராளம்.

பிக்கப் வாங்குகிறவர்களிடம் எனக்கு ஒரு கேள்வி உண்டு. தொட்டி மேல் கூடாரம் போட்டால் கேரவனே தேவைப்படாதே? இரண்டு பேர் என்றால் அந்தக் கணக்கையும் போட்டுப் பாருங்கள்.

ஃபார்ச்சூனர், பொலீரோ கேம்பர்

ஃபார்ச்சூனர் எல்லாவற்றையும் செய்யும். 850 கிலோ கேரவனுக்காக மட்டும் அந்த விலை கொடுப்பதற்கு நியாயம் சொல்ல முடியாது. பழைய ஃபார்ச்சூனர் வீட்டில் இருந்தால் சந்தோஷமாக மாட்டுங்கள்.

பொலீரோ கேம்பரை விலையைப் பார்த்துக் கேட்கிறார்கள். 75 குதிரை சக்தி, 200 நியூட்டன் மீட்டர். இழுக்கும், மெதுவாக. மஞ்சள் போர்டில் பதிவானால் முதல் எட்டு ஆண்டு இரண்டு ஆண்டுக்கொரு முறையும் அப்புறம் ஆண்டுதோறும் எஃப்.சி. காட்ட வேண்டும். பண்ணைத் தோட்டம் வைத்து வாரம் முழுக்கச் சரக்கு ஏற்றுகிறவர்களுக்குப் பொருந்தும்.

கணக்கில் வராத செலவுகள்

கர்நாடகத்தில் 20 லட்சத்துக்கு மேற்பட்ட காருக்கு வாழ்நாள் சாலை வரி 18 சதவீதம், அதன் மேல் செஸ். ஷோரூம் விலையில் இரண்டு லட்சம்தான் வித்தியாசம் என்று மேல் மாடலுக்குத் தாவும்போது இந்த வரியையும் சேர்த்துப் பாருங்கள். "ஓசூரிலோ சேலத்திலோ பதிவு செய்துவிடுகிறேன்" என்பவர்களுக்கு: வேறு மாநில எண்ணோடு 12 மாதத்துக்கு மேல் இங்கே வைத்திருந்தால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 47-வது பிரிவுப்படி இங்கே மறுபதிவு செய்ய வேண்டும். அப்போது வரியும் இங்கே கட்ட வேண்டும்.

1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் டிரெய்லரையும் மோட்டார் வாகனம் என்றே சொல்கிறது. கேரவனுக்குத் தனி ஆர்.சி., தனி நம்பர் பிளேட், தனி இன்சூரன்ஸ் வேண்டும். "சின்னதுதானே சார், தேவையில்லை" என்று விற்பவர் சொன்னால் அட்வான்ஸைத் திருப்பிக் கேளுங்கள். இழுக்கும் வண்டியின் பாலிசியிலும் டிரெய்லர் இழுப்பதை எழுத்தில் சேர்க்கச் சொல்லுங்கள். ஏஜென்ட் போனில் சொன்ன வாக்கு, கிளெய்ம் நாளில் யாருக்கும் நினைவிருக்காது.

டீசல் செலவும் ஏறும். மைலேஜில் மூன்றில் ஒரு பங்கு குறையும் என்று வைத்துக்கொள்வது பத்திரம். காரணம் எடையைவிடக் காற்று. ஆள் உயரக் கேரவன் காற்றை நேராக மோதுகிறது. 80-இலிருந்து 100-க்குப் போனால் காற்றுத் தடை ஒன்றரை மடங்குக்கு மேல் ஆகும். 80-இல் போய்ப் பழகுங்கள், டீசலும் மிச்சம், ஆட்டமும் குறைவு.

எலெக்ட்ரிக் கார் வைத்திருப்பவர்களும் கேட்கிறார்கள். அதே காற்றுத் தடையால் ஒரு சார்ஜில் ஓடும் தூரம் பாதியை ஒட்டி விழும். சார்ஜிங் நிலையத்தில் கேரவனைக் கழற்றாமல் உள்ளே நிறுத்த இடம் கிடைப்பதும் அரிது. இப்போதைக்குத் தள்ளிப்போடுங்கள்.

பிரேக் பற்றி ஒரு வார்த்தை. ஐரோப்பாவிலும் ஆஸ்திரேலியாவிலும் 750 கிலோவைத் தாண்டினால் டிரெய்லருக்குப் பிரேக் கட்டாயம். நம் 850-க்கும் அதையே விதியாக வைத்துக்கொள்ளுங்கள். இங்கே கிடைக்கும் கேரவன்களில் பலவற்றில் இருப்பது ஓவர்ரன் பிரேக். வண்டி வேகம் குறையும்போது கேரவன் முன்னால் முட்டும், அந்த அழுத்தமே அதன் பிரேக்கைப் பிடிக்கும். எளிமையானது, காரில் எந்தக் கருவியும் வேண்டாம். ஆனால் நீண்ட இறக்கத்தில் அது ஓயாமல் லேசாகப் பிடித்துக்கொண்டே வந்து சூடேறும். பாதி வழியில் ஓரமாக நிறுத்திச் சக்கரத்தின் நடுப்பகுதிக்குப் பக்கத்தில் கையைக் கொண்டுபோங்கள், தொட வேண்டாம். அனல் அடித்தால், கருகிய வாடை வந்தால், டீ குடிக்க நல்ல நேரம் அது. எலெக்ட்ரிக் பிரேக் என்றால் காரில் கன்ட்ரோலர் மாட்ட வேண்டும், செலவு கூடும், கட்டுப்பாடு உங்கள் கையில் இருக்கும்.

எந்தப் பாதைக்கு எது

ஏலகிரிக்கு 14 கொண்டை ஊசி வளைவுகள், சின்ன கேரவனோடு ஸ்கார்பியோவோ கிரிஸ்டாவோ பொறுமையாக ஏறிவிடும். வளைவில் கேரவனின் சக்கரம் உங்கள் தடத்தைவிட உள்ளே வெட்டும் என்பதால் அகலமாகச் சுற்றுங்கள். பிக்கப் என்றால் மொத்த நீளம் ஒன்பது மீட்டரைத் தாண்டும், எதிரே பஸ் வந்தால் யாராவது ஒருவர் நின்றுதான் ஆக வேண்டும். திம்பத்தின் 27 வளைவுகளில் லாரிகளோடு இந்த ஆட்டம் வேண்டாம். மசினகுடி வழியாகக் கல்லட்டியின் 36 வளைவுகளுக்கு எந்த வண்டியிலும் கேரவனை மாட்டிக்கொண்டு போகாதீர்கள். ஊட்டி என்றால் கூடலூர் வழி, இ-பாஸ் எடுத்துக்கொண்டு, பந்திப்பூரில் ராத்திரி 9 முதல் காலை 6 வரை பாதை மூடியிருக்கும் என்பதையும் நினைவில் வைத்துக் கிளம்புங்கள்.

கொக்கி மாட்டும்போது

எந்த வண்டி எடுத்தாலும் கொக்கிச் சட்டம் சேசிஸின் இரண்டு நீளச் சட்டங்களிலும் போல்ட்டில் பிணைய வேண்டும். பம்பரில் மாட்டுவதும் சேசிஸில் வெல்டிங் வைப்பதும் கூடாது. ஜே.சி. ரோட்டில் விலை பேசும்போது மினுக்கும் குரோமைப் பார்க்காதீர்கள், டோ பாலின், அதாவது கொக்கியின் நுனியில் உள்ள இரும்பு உருண்டையின், தலையில் பொறித்திருக்கும் அளவைப் பாருங்கள். ஐரோப்பிய முறையில் 50 மில்லிமீட்டர், அமெரிக்க முறையில் இரண்டு அங்குலம், அதாவது 50.8. கண்ணுக்கு ஒன்று போலத்தான் இருக்கும். அந்த உருண்டையைக் கவ்வும் கேரவனின் பூட்டுதான் கப்ளர். இரண்டு அங்குலக் கப்ளரை 50 மில்லிமீட்டர் பாலில் மாட்டினால் பூட்டியது போலவே தெரியும், உள்ளே லொடலொடக்கும், பெரிய பள்ளத்தில் துள்ளிக் கழன்றுவிடலாம். மாட்டிய பிறகு கேரவனின் முன் ஜாக்கியைக் கீழே சுற்றிப் பாருங்கள். சரியாகப் பூட்டியிருந்தால் காரின் பின்பக்கமும் சேர்ந்து மேலே எழும்பும். அதன் பிறகு பாதுகாப்புச் சங்கிலிகளைக் குறுக்காக மாட்டி, பிரேக் லைட்டும் இரண்டு இண்டிகேட்டரும் எரிகிறதா என்று ஒருவரைப் பின்னால் நிற்கவைத்துப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.